கோதுமை மாவுக்குப் பிறகு

அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு உலக உணவுத் திட்டம் கொடுத்த உலர் உணவு இவ்வளவுதான். 2006 ஏப்ரல் கடைசியில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்மீது குண்டுகள் விழத் தொடங்கியதும் ஊரை விட்டு ஓடியவர்கள் முதலில் மட்டக்களப்புப் பக்கம் போனார்கள். பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 2015இலும் 2016இலும் அரசு எடுத்திருந்த காணிகள் விடுபடும்வரை ஏறத்தாழப் பத்து வருடம் நிவாரணமும் கூலிவேலையுமாகக் காலம் போனது. அந்த ஐந்து பொருட்களில் இரண்டாவதாக நிற்கும் கோதுமை மாதான் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கடலும் வயலும் வைத்திருந்த ஒரு சனத்துக்கு வந்த உணவில் மீன் இல்லை, ஒரு பிடி கீரை இல்லை, மா இருந்தது. இன்று அதே ஆட்கள் நாற்பது, ஐம்பது வயதில் கிளினிக்குக்குப் போகிறார்கள். அங்கே கேட்பது, மாச்சாப்பாட்டைக் குறையுங்கோ, சீனியைக் குறையுங்கோ, உடம்பைக் குறையுங்கோ. அன்று மா கொடுத்தது பிழை என்று சொல்லமாட்டேன், பட்டினியைத் தடுத்தது அதுதான். இன்று மாவைக் குறைக்கச் சொல்வதும் பிழையில்லை. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: இந்தச் சனத்துக்கு ஏன் மனம் வருகுதில்லை?

கோதுமை மா இந்தக் கரைக்குத் தானாக வந்த பொருள் அல்ல. 1942இல் பர்மா யப்பானியர் கையில் விழுந்ததும் இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அந்த இடத்தை நிரப்பப் பங்கீட்டில் மா வந்தது. திருகோணமலைமீது யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் அதே வருடம் ஏப்ரலில்தான். போர் முடிந்தது, மா போகவில்லை. பாண் காலைச் சாப்பாடானது, ரொட்டி இரவுச் சாப்பாடானது. 1980இல் திருகோணமலைத் துறைமுகக் கரையில், சீனன்குடாவில், பிரீமா மா ஆலை திறந்தது. உலகத்தின் மிகப் பெரிய மா ஆலைகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். சம்பூர் இருப்பது கொட்டியாரக் குடாவின் தென்கரையில். ஆக, நாட்டுக்கே மா அரைக்கும் ஆலை இந்த ஊருக்குக் குடாவின் மறுகரை. இதை வைத்து ஆலையைக் குற்றம் சொல்ல வரவில்லை. கோதுமை மா நஞ்சு என்று படம் போட்டுப் பரப்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நூறு கிராம் மாவிலும் நூறு கிராம் வெள்ளை அரிசியிலும் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், 350 கலோரியை ஒட்டி வரும். வித்தியாசம் கோப்பையில் அதோடு சேர்ந்து வருவதில் இருக்கிறது. சோறு கறி கேட்கும். ஒரு மீன், ஒரு பருப்பு, ஒரு சுண்டல் இல்லாமல் சோறு இறங்காது. ரொட்டிக்கு ஒரு சம்பல் போதும். அதுவும் இல்லையென்றால் சீனி. ஒரு வீட்டுச் சாப்பாட்டில் காசு போவது சோற்றுக்கல்ல, கறிக்கு. கை இறுகும்போது முதலில் கறி மெலியும், அந்த இடத்தை மா நிரப்பும், வயிறு நிறையும், உடம்பு பெருக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த வருடம் ஏழை வீடுகளில் காணாமல் போனவை முட்டையும் மீனும் பாலும் பழமும். மாச்சத்து எப்படியோ மிஞ்சியது.

உடம்பைக் குறைக்கக் காசு எதற்கு, குறைவாகச் சாப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். மேலோட்டமான கேள்வியல்ல இது. சீனி விஷயத்தில் இந்தக் கேள்வி நியாயமானதே. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு ஐந்து தேத்தண்ணி என்று வைத்தால் ஏறத்தாழ 50 கிராம் சீனி, 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன விரும்பத்தக்க அளவு, ஒரு ஆளுக்கு நாளுக்கு 25 கிராமை ஒட்டியது. சீனியை விட்டால் உடம்பும் மிச்சம், காசும் மிச்சம். ஏழைக்குச் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே வைத்தியம் இது என்று கூடச் சொல்லலாம். அப்படியிருந்தும் விடுபடுவதில்லை. ஏன் என்று யோசிக்கும்போது ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியிட்ட, இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றிய புத்தகம் நினைவுக்கு வருகிறது. அதிலே ஒரு இடம்: வேலையில்லாதவன் தன் சொற்பக் காசைப் பழத்துக்கும் தவிட்டுப் பாணுக்கும் செலவழிக்கலாமே என்று வசதியானவர்கள் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். ஓர்வெல் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறார், ஆனால் மனிதன் அப்படி நடக்கமாட்டான் என்கிறார். அலுப்பும் அவமானமும் நிறைந்த நாளில் சப்பென்ற சத்தான சாப்பாட்டை அவன் விரும்பமாட்டான், நாக்குக்கு ஏதாவது வேண்டும். அவர் சொன்ன பட்டியலிலும் சீனி போட்ட தேநீர் இருக்கிறது. வெயிலில் கூலிக்கு நின்றுவிட்டு வரும் ஒருத்திக்கு அந்த நாளில் கிடைக்கும் இனிப்பு அந்த ஒரு கோப்பைதான். அதையும் விடு என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? வைத்தியருக்கு இருக்கலாம். எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மனம் வைத்தால் முடியும் என்பது அடுத்த வாதம். மனம் என்பது எல்லோரிடமும் எப்போதும் ஒரே அளவில் இருப்பு வைக்கப்பட்ட பொருளா? தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. 2013இல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன் கடனும் அடகுமாக இருந்த மாதத்திலும், அறுவடை முடிந்து காசு கையில் வந்த மாதத்திலும் ஒரே ஆளுக்கு ஒரே மாதிரியான சோதனைகளைக் கொடுத்தார்கள். நெருக்கடி மாதத்தில் அவரின் கவனமும் யோசனையும் மந்தப்பட்டிருந்தன. ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை, காசு மட்டும் மாறியது. பின்னால் வேறு இடங்களில் செய்த சில சோதனைகளில் இவ்வளவு தெளிவான விளைவு கிடைக்கவில்லை, ஆகவே இதை முடிந்த முடிவாக நான் பிடித்துத் தொங்கவில்லை. ஆனால் ஒன்றை மறுப்பது கடினம். வசதியான வீட்டில் இன்றைக்கு என்ன சாப்பிடுவது என்பது ருசி பற்றிய கேள்வி. நாட்கூலி வீட்டில் அதுவே கடை, கடன், விறகு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பஸ்காசு எல்லாவற்றோடும் மோதி வரும் கேள்வி. அத்தனை முடிவுகளையும் எடுத்துக் களைத்த மனதிடம் இன்னொரு முடிவையும் எடு என்கிறோம். அது எடுக்காவிட்டால் சோம்பல் என்கிறோம்.

அந்தக் காலத்துச் சனம் நெஞ்செலும்பு தெரிய இருந்தது, இருந்தாலும் வேலை செய்தது, கட்டுப்பாடு இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்ற பேச்சும் உண்டு. இதற்குச் சாட்சி சொல்ல ஒரு ஆங்கிலேயர் இருக்கிறார். புயலில் சேதப்பட்ட கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்குள் வந்த றொபேட் நொக்ஸ் 1660இல் மூதூரில் கண்டி அரசனின் ஆட்களால் பிடிபட்டார். சம்பூருக்கு அயலூர் அது, அவர் பிடிபட்டதாகச் சொல்லும் புளியமரத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறையிருந்து தப்பிப் போய் 1681இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் மலைநாட்டார் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். அரிசியும் உப்பும் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் குறையொன்றுமில்லை, கொஞ்சம் இலையும் தேசிப்புளியும் மிளகும் சேர்ந்தால் அதுவே நல்ல சாப்பாடு. படித்த இந்த இடம் எனக்கு அரைகுறையாக நினைவில் நின்று, நம் முன்னோர் எவ்வளவு அளவாக உண்டார்கள் என்று பெருமைப்பட வைத்த காலம் உண்டு. பிறகு யோசித்தால், நொக்ஸ் காட்டுவது கட்டுப்பாட்டையல்ல, இல்லாமையை. அங்கே சீனி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் இருந்து, அதை அவர்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அதைக் கட்டுப்பாடு எனலாம். மெலிவு அவர்கள் தேர்ந்தது அல்ல. அப்படியென்றால் பெருப்பும் இன்றையவர்கள் தேர்ந்தது அல்ல என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தெற்காசியரின் உடம்பே கொஞ்சம் வேறு கணக்கில் ஓடுகிறது. புனேயில் யாஜ்னிக் என்ற வைத்தியர் பல வருடம் ஆராய்ந்து காட்டியது, இந்தியக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன, ஆனால் அந்தச் சின்ன உடம்பிலும் கொழுப்பின் பங்கு குறைவதில்லை. தாயின் வயிற்றில் குறைவாகக் கிடைத்த உடம்பு பிறகு கிடைப்பதைச் சேமிக்கப் பார்க்கிறது. ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னதற்கும் பின்னணி இப்படிப்பட்ட ஆய்வுகளே. முகாம்களில் கருவுற்ற தாய்மார், அங்கே பிறந்த பிள்ளைகள் என்று நினைக்கும்போது மறுபடி அந்த மா என் முன்னே வந்து நிற்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது பதின்ம வயதில் இருப்பார்கள். அவர்கள் உடம்பு எந்தக் கணக்கைப் படித்துக்கொண்டு வளர்ந்தது? நட, ஓடு என்று சொல்லிவிட்டுப் போவதும் போதாது. நடப்பது நீரிழிவுக்கும் இதயத்துக்கும் நல்லது, சந்தேகமில்லை. எடையைப் பொறுத்தவரை சேதி வேறு. தன்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை 2012இல் அளந்து பார்த்த ஹேர்மன் பொன்ற்சர் குழு, நாள் முழுக்க நடக்கும் அவர்களும் மேற்கில் கதிரையில் இருப்பவர்களும், உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், செலவழிக்கும் மொத்தச் சக்தியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டது. எடை பெரும்பாலும் கோப்பையில் தீர்மானமாகிறது. கோப்பையோ முன்னமே சொன்னபடி காசில்.

அப்படியானால் ஒன்றுமே முடியாதா? இங்கேதான் என் வாதத்துக்கு எதிராக நானே ஒரு சாட்சியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தால் ஆறு நாள் ஒருநேரச் சாப்பாட்டோடு, சிலர் பாலும் பழமுமாக, இன்னும் சிலர் தண்ணீரும் மிளகுமாக இருக்கிறார்கள். கேதார கௌரி விரதம் இருபத்தொரு நாள். பக்கத்து மூதூரில் முழு ஊரே ஒரு மாதம் பகலில் தண்ணீர் படாமல் நோன்பிருக்கிறது. இருப்பவர்களில் பாதிக்கு மேல் கூலி வீட்டுச் சனமாகத்தான் இருக்கும். விரதத்துக்கு மனம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாமல் இருக்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது, எதைச் சாப்பிடலாம் என்பதை நாட்காட்டி முடிவு செய்கிறது. வீட்டில் மச்சம் சமைப்பதில்லை, அடுத்த வீட்டிலும் இல்லை, ஆசை காட்ட ஆளில்லை. ஒருத்தி தனியாக எடுக்க வேண்டிய நூறு முடிவுகளை ஊர் ஒரே முடிவாக எடுத்துக் கொடுக்கிறது. ஏழைக்குக் குறைவது மனத்திடமல்ல, அந்தத் திடத்தைத் தாங்கும் ஏற்பாடு என்பதுதான் நான் சொல்ல வருவது. கிளினிக் இதற்கு நேர் மாறாக நடக்கிறது. சுகாதார அமைச்சு 2011 முதல் நாடு முழுக்க ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களைத் திறந்தது. இலவசம், நல்ல திட்டம். ஆனால் அங்கே ஒருத்தியை நிறுக்கிறார்கள், ஒருத்திக்குச் சொல்கிறார்கள். வீட்டில் சட்டி ஒன்றுதான். 2015இன் தேசிய ஆய்வில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு எடை கூட, அதிலும் பெண்களுக்கு ஆண்களைவிடக் கூட. அந்தப் பெண்தான் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள். மிஞ்சிய கறியில்லாத சோற்றையும் பிள்ளை வைத்துவிட்டுப் போன ரொட்டித் துண்டையும் கொட்ட மனமில்லாமல் தின்று முடிக்கிறவளும் அவள்தான்.

விரதம் உடம்பைக் குறைக்காதே என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வதும் சரி. நோன்பு மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ குறைவதையும் சில வாரங்களில் அது திரும்பி வருவதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாறணைச் சாப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஆய்வும் தேவையில்லை. விரதம் முடிவு தெரிந்த ஒன்று, உடம்பைக் காப்பது முடிவில்லாதது. அதைவிடப் பெரிய தடை, விரதத்தின் மறுபக்கம் தெய்வம் நிற்கிறது. இரத்தத்தில் சீனி அளவு என்ற இலக்கத்துக்காக ஒரு தெரு முழுக்கச் சீனியில்லாத் தேத்தண்ணி குடிக்குமா? ஒரு மாதர் சங்கம் கூடி, செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீடுகளில் மா இல்லை, கீரையும் பயறும் என்று தீர்மானித்தால் எத்தனை கிழமை நிற்கும்? ஊர் சேர்ந்து ஒன்றைக் காக்கும்போது, காக்க முடியாதவளை ஊர் சேர்ந்தே கேலி செய்யவும் தொடங்கும். பெருத்த பெண்ணுக்கு அந்தக் கேலி இப்போதே போதுமான அளவு கிடைக்கிறது. ஏற்பாடு வேண்டும் என்கிறேன், அந்த ஏற்பாடு அவள் தலையிலேயே இன்னொரு சுமையாக ஏறாமல் எப்படிச் செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஒருவேளை பேச்சை அவளிடமிருந்து தொடங்குவதே பிழையாக இருக்கலாம். கரையில் பிடிபடும் சூடையும் கீரிமீனும் ஊர்ச் சட்டிக்கு வரும் விலையில் ஊரிலேயே விற்குமா என்பதிலிருந்து தொடங்க வேண்டுமோ என்னவோ.