அயலூர்ப் பல்கலைக்கழகம்

அமெரிக்காவில் 1994இல் தொடங்கிய ஒரு திட்டம், ஏழைக் குடும்பங்கள் வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக உதவியது. 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளில் ஏறத்தாழ 31 வீதம் கூடுதலாகச் சம்பாதித்ததைப் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் கண்டறிந்தனர்.

அம்பாறை மாவட்டத்தில் உள்ள நம் பாலமுனையில் யாரும் இடம் மாறவில்லை. வாய்ப்பே அருகில் வந்தது. அப்போதைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அயலூரான ஒலுவிலில் இருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி அருகிலுள்ள அட்டாளைச்சேனையில். கடலுக்குப் போகிறவரின் மகளும் வயலில் கூலிக்கு நிற்பவரின் மகனும் பட்டதாரிகளைத் தெருவிலேயே பார்த்து வளர்வது பெரிய பலம்.

பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான தனி ஒதுக்கீடும் அம்பாறைக்கு உண்டு.

இந்த வாய்ப்புகளைப் பிள்ளைகள் எட்டிப்பிடிக்க வழிகாட்டலும் வேண்டும். பட்டம் பெற்றவர்களே, வாரத்தில் ஒரு மாலையாவது உங்கள் தெருப் பிள்ளைகளோடு உட்காருங்கள்.