அச்சும் வாயும்

எழுத்தாளன் தன் எழுத்தைத் தானே நாலு பேர் முன்னால் வாசிப்பது பற்றியும், தன் எழுத்து வாழ்க்கையைப் பற்றித் தானே பேசுவது பற்றியும் எனக்குச் சில சந்தேகங்கள் உண்டு. இவை ஒரு கொள்கையிலிருந்து பிறந்தவை அல்ல. ஒரு பக்கத்தைத் தாண்டிப் போனதிலிருந்து பிறந்தவை.

பல வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் பதினைந்து பேர் போலக் கூடியிருந்தோம். ஏற்கெனவே அச்சாகியிருந்த என் கதையொன்றை வாசிக்கச் சொன்னார்கள். அந்தக் கதையில் ஒருவர், அண்ணனின் உடல் கூடத்தில் கிடக்கும்போதே மச்சில் ஏணி வைத்து ஏறி, அங்கிருந்த வெண்கல உருளியை இறக்கி மறைத்துவிடுகிறார். மறுநாள் உரிமை கேட்டு வருபவர்கள் வருவதற்குள் செய்துவிட வேண்டிய காரியம் அது. நான் கேள்விப்பட்ட விஷயம்தான். தூரத்து உறவில் எனக்கு மாமா முறையாகும் ஒருவரைப் பற்றியது. பெயரை மாற்றியிருந்தேன், ஊரை மாற்றியிருந்தேன். ஏணியை மாற்றவில்லை.

வாசித்துக்கொண்டிருக்கையில் தலை நிமிர்ந்தேன். மாமா கடைசியில், மாடிப்படியை ஒட்டிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ சொல்லி வந்திருக்கிறார். நான் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன். கதை கொஞ்சம் தடுமாறி, மறுபடியும் நடக்க ஆரம்பித்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் கதையின் 'மௌனங்கள்' நன்றாக இருப்பதாக ஒரு நண்பர் சொன்னார்.

அதன்பின் பேச்சு, எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் வந்து நின்றது. இந்தக் கதை எனக்கு மூன்று இரவுகளின் தூக்கத்தை எடுத்துக்கொண்டது என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் சொன்ன விதத்தில், அந்தத் தூக்கமின்மை ஏதோ கதைக்கான விலை போலவும், அதை நான் கொடுத்துத் தீர்த்துவிட்டது போலவும் ஒரு தொனி வந்துவிட்டது. கேட்டவர்கள் முகங்களில் மரியாதை தெரிந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கும்போது மாமா என் தோளில் கைவைத்து மெதுவாகக் கேட்டார்: "என்ன மருமவனே, ஏணி சமாச்சாரத்தை விட்டுட்டியே? அச்சுல போட்டாச்சு. வாயால சொல்லதுக்கு மட்டும் மடியா இருக்கோ?"

அவர் கதையை முன்னமே படித்திருக்கிறார்.

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுமையான பதில் இல்லை. இருப்பதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நம்மிடம் அரங்கேற்றம் என்று ஒன்று இருந்தது. தொல்காப்பியத்தின் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதாகச் சொல்கிறது. அந்த அதங்கோடு நம் விளவங்கோடு பகுதியில் உள்ள ஊர்தான் என்பது இங்கே பலருடைய நம்பிக்கை. நச்சினார்க்கினியர் இதையொட்டி ஒரு கதை சொல்கிறார்: மாணவன்மீது கோபங்கொண்ட அகத்தியர், அவன் நூலைக் கேளாதே என்று ஆசானைத் தடுக்கிறார். ஆசானுக்குக் கேட்காமலிருக்க முடியவில்லை, குருவை மீறவும் முடியவில்லை. ஆகவே, சொல்வதற்கெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிறேன் என்ற ஏற்பாட்டில் உட்காருகிறார். அவர் கூறிய குற்றங்களுக்கெல்லாம் விடை சொல்லி நூல் நிலைபெறுகிறது. கதை நடந்ததோ இல்லையோ, அதில் ஒரு கருத்து இருக்கிறது. கேட்பவனின் வேலை குற்றம் காண்பது. ஆசிரியனின் வேலை நூலுக்காகப் பதில் சொல்வது. எத்தனை இரவு விழித்தாய் என்று ஆசான் கேட்டதாக எந்த உரைகாரரும் எழுதவில்லை.

நம்முடைய இன்றைய கூட்டங்களில் கேள்வி தலைகீழாகிவிட்டது. நூலைப் பற்றி நாசூக்காகப் பேசி, ஆளைப் பற்றி ஆர்வத்தோடு கேட்கிறோம். எழுத்தாளனும் நூலுக்காகப் பதில் சொல்லும் சிரமத்திலிருந்து தப்பித்து, தனக்காகப் பேசுகிறான். நூலை விட வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதுதான் அந்தரங்கமானது, ஆகவே நேர்மையானது என்று ஒரு எண்ணம் நம்மிடையே இருக்கிறது. என் அனுபவம் இதற்கு எதிரானது. அந்த மாலையில் என் அந்தரங்கம் நான் வாசிக்காத பக்கத்தில் இருந்தது. நான் பேசிய வாழ்க்கை அதை மூடும் துணியாக இருந்தது.

குரலை மட்டும் குற்றம் சொல்லிவிடவும் முடியவில்லை. நாஞ்சில் நாட்டு எழுத்துக்குக் குரல் ஒரு அவசியம்கூட. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964), நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968), தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) ஆகியவற்றின் பேச்சுநடையைத் தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் கண்ணால் படித்துக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. நம் எழுத்தில் ஒரே 'க' பல ஒலிகளுக்கு நிற்கிறது. மலையாளம் தொட்ட இழுப்புக்கும் மூக்கொலிக்கும் எழுத்தே இல்லை. இந்தப் பேச்சில் வளர்ந்த ஒருவர் வாசிக்கும்போது, அச்சு விட்டுவிட்டது திரும்பி வருகிறது. காஃப்கா 'விசாரணை'யின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்தபோது அவர்களும் சிரித்து, அவரும் சிரித்து, சில இடங்களில் மேலே வாசிக்க முடியாமல் போனதாக மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். அந்தச் சிரிப்பு தெரியாமல் நாம் எத்தனை இறுக்கத்தோடு அந்த நாவலைப் படித்திருக்கிறோம்!

ஆனால் குரல் கொடுப்பதைப் போலவே எடுக்கவும் செய்யும். டிக்கன்ஸ் 1858-லிருந்து கட்டணம் வாங்கிக்கொண்டு தன் நூல்களை மேடையில் வாசித்தார். அதற்கென்று தனிப் பிரதிகள் தயார் செய்து, வெட்டியும் சுருக்கியும், எங்கே எப்படிக் கையசைக்க வேண்டுமென்று ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார். நான்சி கொலையாகும் காட்சியை வாசிக்கும் சிரமம் அவருடைய உடல்நிலையைப் பாதித்ததாகச் சொல்கிறார்கள். கடைசி வாசிப்பு 1870 மார்ச்சில். அந்த ஜூனில் இறந்துபோனார். அவர் வெட்டியது கேட்பவர்களை உலுக்குவதற்காக. நான் வெட்டியது ஒருவர் முகத்தைப் பார்க்க முடியாமல். இரண்டிலும் பொதுவாக ஒன்று உண்டு: என்னுடையது, ஆகவே வெட்டலாம் என்ற நினைப்பு.

இதற்கு நேர்மாறான ஒரு வாசிப்பு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சாமிதோப்பில் கார்த்திகை மாதம் பதினேழு நாட்கள் அகிலத்திரட்டு அம்மானையை வாசிக்கும் திரு ஏடு வாசிப்பு நடக்கிறது. வாசிப்பவர் அதை எழுதியவர் இல்லை. எழுதியதாகச் சொல்லப்படும் அரிகோபாலன் சீடரும் அதைத் தன் சிருஷ்டியாக உரிமை கொண்டாடவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை எழுதினேன் என்கிற நிலைதான். அங்கே ஒருவர் தனக்குச் சங்கடமான ஏட்டைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. கேட்பவர்களுக்கு அடுத்த ஏடு தெரியும். நான் நம்பிக்கையைப் பற்றிப் பேசவில்லை. வாசிப்பவனுக்கும் வாசகத்துக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிப் பேசுகிறேன். ஏடு வாசிப்பவர் ஏட்டுக்குக் கட்டுப்பட்டவர். எழுத்தாளன் தன் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்லை என்று எண்ணிக்கொள்கிறான். அச்சான பிறகு அவனும் ஒரு வாசகன்தான் என்பதை, அதிலும் மற்ற வாசகர்களைவிடக் குறைந்த சலுகையுள்ள வாசகன் என்பதை, அவனுக்கு யார் சொல்வது? எனக்கு மாமா சொன்னார்.

எழுத்து வாழ்க்கை என்ற விஷயத்துக்கு வருகிறேன். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் நடத்திய 'காகங்கள்' கூட்டங்கள் பொதுமேடையின் ஆரவாரத்துக்கு வெளியே ஒரு சிறு வட்டத்தின் வாசிப்பையும் விவாதத்தையும் சாத்தியமாக்கின. அவரே 1981-ல் வெளியான 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலில், இறந்துபோன ஒரு மலையாள எழுத்தாளனின் வாழ்க்கைத் தகவல்களைத் தேடி அலையும் பாலுவைப் படைத்தார். எழுத்தாளனின் வாழ்க்கைமேல் நமக்குள்ள பசியை இவ்வளவு துல்லியமாக, அந்தப் பசிக்குள்ளிருந்தே சொன்ன நாவல் தமிழில் வேறில்லை. ஜே.ஜே. இறக்கும் நாள் காம்யு இறந்ததற்கு மறுநாள் என்பதில்கூட அந்தப் பசி இருக்கிறது. ஒரு வாழ்க்கையை இன்னொரு பெரிய வாழ்க்கையின் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நமக்குத் திருப்தி வருவதில்லை.

புதுமைப்பித்தன் 1948-ல் திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். அவர் பட்ட கஷ்டம் உண்மை. ஆனால் அவருக்குப் பின் வந்த நாம் அந்தக் கஷ்டத்தை ஒரு சான்றிதழ் மாதிரி கையில் வைத்துக்கொண்டோம். எழுதுகிறவன் துன்பப்படுகிறான், ஆகவே அவன் எழுதியது உண்மை. இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? துன்பம் ஒரு மோசமான வாக்கியத்தைத் திருத்துவதில்லை. அதைவிட முக்கியம், அது இன்னொருவர் வாழ்க்கையை எடுத்துக்கொண்டதற்கு ஈடாவதுமில்லை. என் மூன்று இரவுகளைச் சொன்னேன். ஏணியைப் பற்றி ஊரே பேசுவதைக் கேட்டபடி மாமா எத்தனை இரவுகள் படுத்திருப்பார் என்ற கணக்கு என் எழுத்து வாழ்க்கையில் சேரவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். எழுத்தாளன் எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் எழுதவே முடியாது. கவிமணி (1876–1954) 'மருமக்கள்வழி மான்மிய'த்தை எழுதியபோது, அவர் யாரைக் கேலி செய்தாரோ அவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். அவர்கள் மனம் நோகும் என்று நிறுத்தியிருந்தால் நமக்கு அந்தக் காவியம் இல்லை. உண்மை. ஆனால் அவர் தாக்கியது ஒரு முறையை. அதனால் வதைபட்ட ஒரு மனைவியின் வாயிலிருந்து அது பேசுகிறது. 1926-ல் சட்டம் வந்து அந்த முறையும் போயிற்று. நான் என்ன தாக்கினேன்? உருளியை இறக்க ஒருவரை ஏணியில் ஏற்றிய ஏழ்மையையா, ஏறியவரையா? எழுதும்போது முன்னதை என்றுதான் நினைத்தேன். அப்படியென்றால் அவர் எதிரில் அதை வாசிக்க எனக்கு என்ன தடை? வாய் மூடிக்கொண்டதிலிருந்து, கை எழுதியது என்னவென்று எனக்குத் தெரிந்தது.

ஆகவே முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாததை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுத்து பிறந்ததே அதற்காகத்தான் இருக்கலாம். ஆனால் வாசிக்க உட்காருபவன் ஒரு பரிசோதனைக்கு உட்காருகிறான். எந்த இடத்தில் குரல் தாழ்கிறது, எங்கே தாள் இரண்டாகப் புரள்கிறது என்பது அவனுக்கு மட்டும் தெரியும். கூட்டத்தால் உண்டாகும் பயன் அது ஒன்றுதான் என்றுகூட எனக்குப் படுகிறது. பிறகு, எப்படி எழுதினீர்கள் என்று யாராவது கேட்டால், விழித்த இரவுகளைச் சொல்வதற்குப் பதில் அந்த இடத்தைச் சொல்லலாம். அது மட்டும்தான் அவனைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத எழுத்து வாழ்க்கை.

'காற்றில் கலந்த பேரோசை' என்று சுந்தர ராமசாமி ஜீவாவைப் பற்றி எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு. பூதப்பாண்டியில் பிறந்து 1963-ல் மறைந்த அந்தப் பேச்சாளரின் குரல் காற்றோடு போயிற்று. ஒரு எழுத்தாளனின் எழுத்துதான் அதைப் பிடித்து வைத்தது. நம் விஷயம் இதற்கு மாறானது. எழுத்து இருக்கிறது. குரல் வந்து அதைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து வடசேரியில் மாமாவின் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், ஆள் இல்லை. புத்தகத்தைக் கொண்டு போயிருந்தேன். வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "வாசி" என்றார். தாண்டிப்போன இரண்டு பக்கங்களையும் வாசித்தேன். மாடியில் வாசித்ததைவிட மோசமாக வாசித்தேன். வாக்கியங்கள் சில எனக்கே அலங்காரமாகக் கேட்டன.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் செரிதான். ஒண்ணு மட்டும் தப்பு" என்றார். "ஏணியை நான் கொண்டு வைக்கல்லே, கேட்டியா. நான் போகச்சிலே அது மச்சில சாத்தித்தான் கெடந்தது."

யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் கதையின் மறுபதிப்புக்கு நண்பர்கள் இருமுறை கேட்டுவிட்டார்கள். ஏணியைத் திருத்தினால் கதையே வேறாகிவிடும். திருத்தாமல் கொடுக்கவும் எனக்கு வரவில்லை.