நடுநிலைக்கு வாக்குக் கேட்கலாமா?

நம் ஊரில் சட்டமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருகின்றனர். நகராட்சிக்கும் ஊராட்சிக்கும் கேட்டு வருகின்றனர். கூட்டுறவுச் சங்கத் தேர்தல் என்றால் அதற்கும் கைகூப்பி வந்து நிற்கின்றனர். "என்னை நீதிபதியாக்குங்கள், உங்கள் பொன்னான வாக்கை எனக்கே தாருங்கள்" என்று கேட்டு எவரேனும் நம் வாயிற்படி ஏறியதுண்டா? இல்லை. அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்திலோ ஏறுகின்றனர்! அங்கே 1962ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் குடும்ப நீதிமன்றத்துக்கு, நியூயார்க் மாநகரம் நீங்கலாக மற்ற மாவட்டங்களில், நீதிபதியை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். பத்தாண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். வென்றால் பத்தாண்டு பதவி. மாநகரத்தில் மட்டும் மேயர் நியமிக்கிறார்.

அந்த மன்றத்தில் மணவிலக்கு வழங்குவதில்லை. அதற்கு வேறு மன்றம் உண்டு. பிரிந்த பெற்றோரில் பிள்ளை யாரிடம் வளர்வது, யார் எவ்வளவு பராமரிப்புத் தொகை தருவது, அடித்து உதைக்கும் கணவனை வீட்டுப்பக்கம் வராதே என்று தடுப்பது, சோறும் கவனிப்பும் இன்றி வாடும் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா வேண்டாமா, குற்றம் செய்த சிறுவனை என்ன செய்வது – இவையே அங்கு அன்றாட வேலை. நடுவர் குழு கிடையாது. ஒரு மனிதர் கேட்கிறார், ஒரு மனிதர் தீர்க்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகள் குடும்ப வழக்குகளையே நடத்திப் பழுத்த ஒரு வழக்கறிஞர் இந்தப் பதவிக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்தகையோர்தாம் பெரும்பாலும் நிற்கின்றனர். "எனக்கு அனுபவம் உண்டு" என்பதே அவருடைய முழக்கம். அந்த முழக்கம் கேட்டு நாம் வாக்களிக்கலாமா?

செய்தியைப் படித்ததும் நம் உள்ளம் துள்ளியது, உண்மை! பிறப்பால் வரும் உயர்வு வேண்டாம், பெரிய இடத்துப் பரிந்துரை வேண்டாம், மக்களே மன்னர் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அதன் உச்சியன்றோ இது என்று எண்ணினோம். வரலாறும் அப்படித்தான் தொடங்குகிறது. 1832இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலால் அமர்த்த முடிவு செய்தது. 1846இல் நியூயார்க் அவ்வழி வந்தது. ஆளுநருக்கு வேண்டியவர், அவைத் தலைவருக்கு உறவினர் என்றே நாற்காலிகள் நிரம்பியதைக் கண்டு மக்கள் எடுத்த முடிவு. அந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் துள்ளிய உள்ளத்தை உட்காரவைத்துக் கேட்டோம்: அனுபவம் என்கிறாரே, எதில் அனுபவம்?

வழக்கறிஞரை நாடி வருபவருக்குத் தமிழில் என்ன பெயர்? கட்சிக்காரர்! எவ்வளவு பொருத்தமான சொல்! வழக்கறிஞரின் அறமே கட்சி சார்வது. தாய்க்காக வாதாடும்போது தந்தையின் ஒவ்வொரு குறையையும் மலையாக்க வேண்டும். மறுநாள் ஒரு தந்தைக்காக நின்றால் ஒரு தாயின் குறையை மலையாக்க வேண்டும். இதில் இழிவு இல்லை. இரு பக்கமும் இப்படி வாதாடினால்தான் உண்மை வெளிப்படும் என்பது அந்த முறையின் நம்பிக்கை. ஆயினும் இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு தட்டிலேயே கல் வைத்துப் பழகிய கை, துலாக்கோலின் நடுமுள்ளைப் பிடிக்கும்போது நடுங்காதா? அதிலும், அந்தக் கைக்கு இப்போது வேறு ஒரு கட்சியின் சின்னமும் வேண்டியிருக்கிறது. சில இடங்களில் இரு பெருங்கட்சிகளும் பேசி ஒருவரையே தம் வேட்பாளர் என்று அறிவித்துவிடுகின்றன. வாக்காளர் கையில் சீட்டு இருக்கும், தேர்வுதான் இருக்காது!

தேர்தல் என்றால் பணம். பணம் தருபவர் யார்? பொதுமக்களுக்குக் குடும்ப நீதிபதியின் பெயர்கூடத் தெரியாது. நாளை அந்த மன்றத்தில் வந்து நிற்கப்போகும் வழக்கறிஞருக்குத்தான் தெரியும். 2004ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில், வழக்கில் சிக்கியிருந்த ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றத்துக்கு நின்ற ஒருவருக்கு ஆதரவாக ஏறத்தாழ முப்பது இலட்சம் டாலர் செலவிட்டார். வென்றவர் அந்த நிறுவனத்தின் வழக்கிலேயே அமர்ந்து அதன் பக்கம் தீர்ப்பளித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அதையும் ஐவர் கூறினர், நால்வர் மறுத்தனர்! நியூயார்க்கில் 2011இல் ஒரு விதி செய்தனர்: தேர்தல் செலவுக்கு 2,500 டாலரோ அதற்கு மேலோ தந்த வழக்கறிஞரின் வழக்கை அந்த நீதிபதியிடம் ஒப்படைப்பதில்லை என்று. நல்ல விதி. 2,400 டாலர் தந்தவரைப் பார்த்தால் நீதிபதியின் முகம் மலராது என்று நம்புவோமாக!

இவற்றைவிட நம்மை உலுக்கியது பென்சில்வேனியாவின் லூசெர்ன் மாவட்டத்தில் நடந்தது. மார்க் சியாவரெல்லா என்பவர் 1995இல் மக்கள் வாக்கால் நீதிபதியானார். சிறுவர் வழக்குகள் அவரிடம் வந்தன. சிறு பிழைக்கும் காவல் இல்லம். வகுப்பில் சண்டையா, அனுப்பு! பள்ளி அதிகாரியைக் கேலி செய்து இணையத்தில் எழுதினாளா ஒரு மாணவி, அவளையும் அனுப்பு! குற்றம் சாட்டப்பட்ட சிறுவருக்கும் வழக்கறிஞர் உதவி உண்டு என்று 1967இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தும், எத்தனையோ பிள்ளைகள் துணைக்கு ஒருவருமின்றி அவர் முன் நின்றனர். சில நிமிடங்களில் தீர்ப்பு, வாயிலில் விலங்கு. 2005இல் மீண்டும் மக்களிடம் சென்றார். மக்கள் அவரையே நீடிக்கச் செய்தனர். பின்னர் வெளிப்பட்டது: தனியார் காவல் இல்லத்தைக் கட்டியவரிடமிருந்தும் அதன் உரிமையாளரிடமிருந்தும் அவரும் உடன் நீதிபதி ஒருவரும் பெற்றது இருபத்தெட்டு இலட்சம் டாலர்! ஆயிரக்கணக்கான தீர்ப்புகள் தள்ளுபடியாயின. 2011இல் அவருக்கு இருபத்தெட்டு ஆண்டுச் சிறை. அவரை வீழ்த்தியது வாக்குச்சீட்டு அன்று. பிள்ளைகளுக்காக மனுப்போட்ட ஒரு சட்ட அமைப்பும், மத்திய அரசின் வழக்கும்.

பணம் வாங்கியது மறைவில் நடந்தது. கடுமை காட்டியதோ வெட்டவெளியில். ஊர் அதை அறியும். அறிந்தும் ஏன் வாக்களித்தது? "கண்டிப்பானவர்" என்று பள்ளிகள் பாராட்டின என்பதை ஆசிரியராகிய நாம் படிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? நம் ஆசிரியர் அறையிலும், அடங்காத ஒரு பிள்ளையைக் குறித்து, "எங்கேயாவது அனுப்பித் தொலைத்தால் நிம்மதி" என்ற சொல் எழுந்ததுண்டு. மற்றவர் மட்டுமா சொன்னார்கள்? நாமும் சொல்லியிருக்கிறோம். சொன்ன இடத்தில் தேர்தல் நடக்கவில்லை, அவ்வளவே!

இதற்கு நேர்மாறாக ஒருவரைக் காட்டுவோம். ஜேன் போலின் – அமெரிக்காவில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி. 1936இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று தோற்றார். 1939இல் நியூயார்க் மேயர் லா கார்டியா அவரைக் குடும்ப வழக்குகளின் மன்றத்தில் அமர்த்தினார். 1978 வரை நீதி வழங்கினார். நன்னடத்தை அலுவலரையும் பிள்ளையையும் நிறம் பார்த்து இணைக்கும் வழக்கத்தை ஒழித்தார். பொதுப்பணம் பெறும் குழந்தை இல்லங்கள் நிறம் பார்த்துக் கதவடைக்கக் கூடாது என்று போராடி வென்றார். 1939இல் வாக்குப்பெட்டியை வைத்திருந்தால் அவர் வந்திருப்பாரா? நாம் ஐயுறுகிறோம். பெரும்பான்மையின் வாக்கில் பெரும்பான்மையின் தப்பெண்ணமும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். குடும்ப வழக்குக்கு வருபவரோ பெரும்பாலும் ஊர் ஏசும் பெண், வறியவர், நிறத்தால் ஒதுக்கப்பட்டவர்.

அப்படியானால் மேயரின் விருப்பமே மேல் என்கிறோமா? லா கார்டியா நல்லவராயிருந்தார், சரி, அடுத்தவர்? தம் மைத்துனருக்குத் தரும் மேயர் வந்தால் எங்கே முறையிடுவது? நியமனத்துக்கும் காவல் வேண்டும், தேர்தலுக்கும் காவல் வேண்டும். தேர்தல் உள்ள ஊரில் வாழும் வாக்காளன் தன் சீட்டைக் கிழித்தெறிய வேண்டும் என்று சொல்ல நமக்கு மனமில்லை.

அவன் வேட்பாளரிடம் வேறு கேள்வி கேட்கட்டும் என்போம். எத்தனை வழக்கில் வென்றீர் என்று கேட்பது பயனற்றது. கட்சிக்காரர் பணத்தோடு வந்து, "பிள்ளையை அவளுக்குக் காட்டவே கூடாது, அவள் அழவேண்டும்" என்றபோது, "அது முடியாது, ஐயா" என்று எத்தனை முறை சொன்னீர்? எதிர்த்தரப்பில் நின்ற வழக்கறிஞர்கள், தோற்றவர்கள், உம்மைப்பற்றி என்ன சொல்கிறார்கள்? தாய்மாருக்கு நான் துணை, தந்தைமாருக்கு நான் துணை என்று உறுதி கூறுகிறவரைக் கண்டால் அஞ்சவேண்டும்; வழக்கைக் கேட்குமுன்பே தீர்ப்பின் பாதியை எழுதிவிட்டார் அவர். வேட்பாளர் தம் கருத்தைச் சொல்வதைத் தடுக்கலாகாது என்று 2002இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சொல்லலாம் என்பதற்காகச் சொல்லத்தான் வேண்டுமா?

நம் வகுப்பில் சென்ற ஆண்டு ஒரு சிறுவன் இருந்தான். எட்டு வயது. தாய் ஒரு தெருவில், தந்தை ஒரு தெருவில். உறவினர் ஒருவர் பள்ளிக்கே வந்து, நம் எதிரிலேயே அவனைக் கேட்டார்: "டேய், உண்மையைச் சொல்லு, நீ அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா?" அவன் நம்மைத் திரும்பிப் பார்த்து, "சார், மணி அடிச்சிட்டாங்களா?" என்றான்.

அவனைப் போன்ற ஒரு பிள்ளை நியூயார்க்கின் ஒரு மாவட்டத்திலும் இருப்பான். அவனுடைய வழக்கைத் தீர்க்கும் நீதிபதியைத் தேர்ந்தெடுக்க அவனுக்கு உரிமையில்லை, வயது எட்டு. நீதிபதியின் பதவிக்காலம் பத்தாண்டு. அது முடிந்து அவர் மீண்டும் வாக்குக் கேட்டு வரும்போது, அந்த வீட்டுக் கதவைத் திறப்பவனுக்கு வயது பதினெட்டு.