முன்னரே எழுதப்பட்ட முடிவுகள்

போலந்து நாட்டு நிறுவனமொன்று 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' என்னும் கணினி விளையாட்டில், வளர்ப்பு மகள் சிரி இறுதியில் மீள்வாளா என்பதை வளர்ப்புத் தந்தையின் வாள்வலிமை தீர்மானிப்பதில்லை. மனம் துவண்டவளோடு பனியுருண்டை எறிந்து விளையாடினானா, மந்திரக்காரியர் அவைக்கு அவளைத் தனியே செல்ல விட்டானா, தனக்கு உதவியவனின் கல்லறைக்கு அவள் செல்ல விரும்பியபோது உடன்சென்றானா என்னும் சிறு செயல்களே தீர்மானிக்கின்றன. அவ்வேளைகளில் எச்சரிக்கை ஏதும் வருவதில்லை.

முடிவுகள் யாவும் முன்னரே எழுதப்பட்டவை. ஆகவே ஆடுபவனின் தெரிவு மாயையே என்பர் சிலர். நான் அதற்கு உடன்படேன். முடிவை அவன் படைக்கவில்லைதான். ஆயினும் பலன் அறியாமல் மகளை நம்பினானே, அந்நம்பிக்கை அவனுடையதன்றோ? பழைய பதிவுக்குத் திரும்பி, பலனை அறிந்தபின் மீண்டும் பனியுருண்டை எறிபவனைக் குறித்தே எனக்குத் தயக்கம். மகள் மீண்டுவிடுவாள். ஆனால், இம்முறை அவன் விளையாடியது அவளோடுதானா?