தேவசகாயமும் நம் சம்மதமும்



சென்ற மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பாவத்தையே இந்த மாதமும் சொல்லுகிறோம். "என் சுபாவம் அப்படி, சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்று ஆறுதலும் சொல்லிக்கொள்ளுகிறோம். இது தேவசித்தத்துக்குத் தன்னைக் கையளிப்பதா, அல்லது சோம்பலா?

நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745 மே 14-ம் தேதி அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். துன்பத்தில் கலங்கியிருந்த அவருக்கு யோபுவின் பொறுமையை எடுத்துச் சொன்னவர் தளபதி டிலனாய். ஞானஸ்நானத்தில் அவருக்கு இட்ட நாமம் லாசர். அதன் தமிழ்ப் பொருளே தேவசகாயம்.

அந்தப் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சகாயம் என்றால் உதவி. கைகட்டி நிற்பவனுக்குப் பதிலாக வேறொருவர் வேலையை முடித்துவிட்டால், அதை உதவி என்று யாரும் சொல்லுகிறதில்லை.

1749-ல் அவர் சிறைப்பட்டார். வேதத்தை மறுதலித்தால் விடுதலை. அதற்கு ஒரு சொல் போதும். ஏறக்குறைய மூன்று வருஷம் அந்தச் சொல்லைச் சொல்லாதிருக்க அவருக்குப் பலம் கொடுத்தது வரப்பிரசாதம். அந்த வரப்பிரசாதத்துக்கு நாள்தோறும் சம்மதித்தது அவர் மனது. 1752 ஜனவரி 14-ம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ம் தேதி பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார்.

நம் தாமிரபரணியும் இதையே காட்டுகிறது. பொதிகையில் பெய்யும் மழையை எந்தக் குடியானவன் உண்டாக்கினான்? ஆனாலும் ஆறு நிறைந்து ஓடும்போதே, தூர் வாராத வாய்க்காலின் கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். தண்ணீர் சர்வேசுரனின் கொடை. மடையைத் திறப்பது நம் பங்கு. மண்வெட்டி பிடிக்கும் பலமும் அவர் தந்ததே. ஆகையால் பெருமை பாராட்ட நமக்கு இடமில்லை.

குடியை விட நினைப்பவர், கடை இருக்கும் தெருவை விட்டுச் சுற்றிப் போகட்டும். பங்காளியோடு பேச்சை முறித்தவர், இந்த ஞாயிறு பூசைக்கு முன்னே அவர் வாசற்படியை மிதிக்கட்டும். விழுந்தவர், நாளைக்கு என்று தள்ளாமல் குருவானவரிடம் போகட்டும். திவ்விய நற்கருணையை அடிக்கடி உட்கொள்ளட்டும்.

விடியற்காலையில், "சுவாமி, உமது சகாயம் இல்லாமல் இன்று நான் நிற்கமாட்டேன்" என்று வேண்டிக்கொள்ளுங்கள். அப்படி வேண்டியவர்கள், சோதனை வரும் வழியை நம் கையாலேயே அடைக்கவும் வேண்டும்.