நண்பகல் சோர்வு

கிறிஸ்தவ விசுவாசத்தில் நிலைத்திருத்தல் என்றதும் துன்புறுத்தலும் இரத்தசாட்சிகளும் நினைவுக்கு வருவது இயல்பே எனினும், 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் தனிக்குடில்களில் வாழ்ந்த துறவிகள் அஞ்சியது அதைவிடச் சாதாரணமான ஒன்றுக்கே. அவர்களுள் ஒருவரான, 399இல் மறைந்த பொந்து நாட்டு எவாகிரியுஸ் அதனை 'அகேதியா' என்று குறித்தார்; செபத்திலும் கைவேலையிலும் மனம் ஒட்டாமல், இருக்கும் இடத்தையே வெறுக்கச் செய்யும் உள்ளச் சோர்வு அது. அதன் பிடியில் சிக்கிய துறவி, உணவு வேளையான ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணி, நெருங்கிவிட்டதா என்று சூரியனை அண்ணாந்து பார்ப்பதையும், வேறிடம் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிக்கொள்வதையும் அவர் நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளார் (இன்றைய அலுவலக ஊழியருக்கும் இது அந்நியமன்று).

இதற்கு அவர் தந்த மருந்து தரிசனமோ பரவசமோ அன்று. குடிலை விட்டு வெளியேறாமல் அன்றாடக் கடமையைத் தொடர்வதே. அவருக்குப் பின் எழுதிய துறவி யோவான் காசியான், பவுல் என்னும் துறவியைப் பற்றிக் கூறுகிறார்: ஊர்கள் ஏழு நாள் நடைக்கும் அப்பால் இருந்தமையால் விற்க வழியின்றி, அவர் ஆண்டு முழுவதும் ஓலைகளைச் சேர்த்து உழைத்து, ஆண்டிறுதியில் அனைத்தையும் எரித்துவிடுவாராம். இதனை வீண் உழைப்பு என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் ஆன்மிக வளர்ச்சியை உணர்ச்சிப் பெருக்கைக் கொண்டு மதிப்பிடுவதைக் காட்டிலும், பலன் தெரியாத நாளிலும் செபத்தையும் வேலையையும் கைவிடாத இத்தகைய உறுதியைக் கொண்டு மதிப்பிடுவதே பொருத்தமானது.