கையை எடு, கண்ணைத் திற!

உன் எலிக்குத் தீனி தொண்டையில் சிக்கிவிட்டது. நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?

கத்துகிறாய்! தூக்குகிறாய், இறக்கிவிடுகிறாய், மறுபடி தூக்குகிறாய். 'ஐயோ, எனக்குக் கை கால் ஓடலையே' என்கிறாய்.

நல்லது. ஓட வேண்டாம்! இந்த நிமிடம் உன் கை சும்மா இருப்பதுதான் அந்த உயிருக்கு முதல் உதவி!

'நான் டாக்டர் இல்லையே' என்று நழுவப் பார்க்கிறாயா? உன்னை யார் ஆபரேஷன் செய்யச் சொன்னது? கண் இருக்கிறதா? பார்!

தாடையை நெஞ்சோடு சேர்த்து இழுக்கிறதா? முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறதா? கழுத்தை நீட்டி எதையோ விழுங்கப் பார்க்கிறதா? வாயோரம் எச்சில் நுரையாக வழிகிறதா?

அந்த நுரையைக் கண்டதும் உனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. எதற்கு? எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. உள்ளே இறங்க வழியில்லை. வெளியே வருகிறது. அவ்வளவுதான்!

தெரியாததால்தான் நடுங்குகிறாய். தெரிந்துகொள்!

எலியால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் அதற்குத் தடுப்பு பலம். வாந்தியை நடத்தி வைக்கும் நரம்பு ஏற்பாடே அதன் மூளைத்தண்டில் இல்லை. எலி மருந்து அதனிடம் இவ்வளவு நன்றாக வேலை செய்ய இதுவும் ஒரு காரணம். தின்றதைக் கக்க அதனால் ஆகாது.

ஆகவே, தொண்டையில் அப்பிய பீநட் பட்டர் போன்ற தீனியை அது ஓங்கரித்துத் துப்பிவிடாது. எச்சிலில் ஊறவைத்து, மெல்ல மெல்ல அசைத்துத்தான் நகர்த்த வேண்டும். அதற்குச் சில நிமிடமும் ஆகும். சில சமயம் அதைவிட வெகுநேரமும் ஆகும்.

அந்த நேரத்தை நீ தரப்போகிறாயா, பறிக்கப்போகிறாயா?

'அதுவரை மூச்சு?' என்கிறாய். கேட்க வேண்டிய கேள்வி!

எலி மூக்கால் மூச்சு விடும் பிராணி. அதன் குரல்வளை மூக்குப் பாதையோடு பொருந்தி நிற்கிறது. அதனால் உணவுக்குழாயில் தீனி நின்றாலும், பெரும்பாலும் காற்று பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருக்கும். நமக்குப் புரையேறுவது வேறு, அதற்கு அடைப்பது வேறு!

ஆனால் உன் கை கேட்குமா? யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, 'யாரோ நினைக்கிறாங்க' என்று சொல்லி, செம்பில் தண்ணீர் நீட்டிப் பழகிய கை ஆயிற்றே!

அந்தக் கையை மடக்கு. தலையில் தட்டாதே. முதுகில் தட்டாதே. தண்ணீர் மட்டும் ஊற்றவே ஊற்றாதே!

அடைத்த குழாயில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? மூச்சுக்குழாய்க்குள்! நுரையீரலுக்குள்! எண்ணெயும் வேண்டாம், தேனும் வேண்டாம், பக்கத்து வீட்டு யோசனையும் வேண்டாம்.

விரலை வாய்க்குள் விடாதே. சிக்கியது இன்னும் உள்ளே போகும். அந்த முன்பற்களிடம் உன் விரலும் மாட்டும்.

கூண்டிலிருந்து தீனியை எடு. தண்ணீர் பாட்டிலையும் எடு. கூட இருக்கும் எலியைக் கொஞ்ச நேரம் வேறிடத்தில் விடு. டிவியை நிறுத்து. பிள்ளைகளை வெளியே அனுப்பு. அப்புறம் உட்கார்!

உட்கார்ந்து அதன் விலாவைப் பார். படபடவென்று ஏறி இறங்குகிறதா? ஓய்வாக இருக்கும் எலியே நிமிடத்துக்கு 70 முதல் 115 முறை மூச்சு விடும். உன் மூச்சு 12 முதல் 20. உன் கணக்கை வைத்து அதை அளந்தால், நன்றாக இருக்கும் எலியும் சாகக் கிடப்பதாகத்தான் தெரியும்!

கஷ்டமாக இருக்கிறதா? இருக்கும்! கண்முன்னே ஓர் உயிர் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு கவனிப்பதைவிடக் கடினமான உழைப்பு எது?

'ஏதாவது செய்யணுமே' என்று துடிக்கிறாயே, அது யாருக்காக? எலிக்காகவா? இல்லை, உன் பயத்துக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகவா?

பதறாத காரியம் சிதறாது. சொன்னவர்கள் எலி வளர்த்தவர்களாக இருக்க வேண்டும்.

சும்மா இரு என்றேன். தூங்கு என்று சொல்லவில்லை!

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? ஈறும் பாதமும் வெளிறியோ நீலம் பாரித்தோ போகிறதா? துவண்டு சாய்கிறதா? மூக்கால் மூச்சு விடும் பிராணி வாயைத் திறந்துவிட்டால், உன் காத்திருப்பு அந்த நொடியே முடிந்தது. எழுந்திரு! டாக்டருக்கு ஃபோன் போட்டுக்கொண்டே கிளம்பு!

வாயில் கண்ணுக்குத் தெரிகிறாற்போல் தீனி இருந்தால், பஞ்சு சுற்றிய குச்சியால் வெளிப்பக்கமாக வழித்து எடு. தெரியாததைத் துழாவாதே.

எலி வளர்ப்பவர்கள் மத்தியில் ஒரு வித்தை உலவுகிறது. தலையையும் கழுத்தையும் இறுகத் தாங்கிக்கொண்டு எலியைத் தலைகீழாக வீசி இறக்குவது. மூச்சே நின்று துவண்டுவிட்ட எலிக்குக் கடைசி முயற்சியாகச் சிலர் செய்வது அது. கழுத்து போகலாம். மூளையில் அடிபடலாம். தானாகத் தேறப்போகும் எலியிடம் அந்த வீரத்தைக் காட்டாதே! தெரிந்துகொள்ள ஆசையா? ஆபத்தில்லாத நாளில் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

மூச்சு சீராகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரமாகியும் எச்சில் நிற்கவில்லையா? அப்போதும் டாக்டரைக் கூப்பிடு. எதற்குத் தயங்குகிறாய்?

தெரியும். 'எலிக்கா டாக்டர்?' என்று சிரிப்பார்கள் என்பதுதான் உன் தயக்கம்!

சிரிக்கட்டும்! இங்கிலாந்தில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியைப் பார்த்தும் சிரித்திருக்க மாட்டார்களா? சுண்டெலி வளர்ப்பவர்களின் சங்கம் நடத்தும் கண்காட்சியில் பெரிய எலிக்கும் இடம் வேண்டும் என்று கேட்டார். ஊரே எலியை அடித்துக்கொண்டிருந்த காலம்! 1901-இல் ஐல்ஸ்பரி ஊரில் நடந்த கண்காட்சியில் எலிகள் மேடை ஏறின. அவருடைய எலி பரிசும் வாங்கியது. இன்று உலகெங்கும் வீடுகளில் எலி வளர்ப்பவர்கள் அவரைத்தான் முன்னோடி என்கிறார்கள். அவர் கூச்சப்படவில்லை. ஒரு ஃபோன் போட உனக்கென்ன கூச்சம்?

சரி, அடைப்பு விலகிவிட்டது. எலி நிமிர்ந்து உட்கார்ந்து முகம் கழுவ ஆரம்பித்துவிட்டது. உடனே ஓடிப்போய் பிஸ்கட் எடுத்து வருகிறாயே, உன்னை என்ன சொல்வது!

புண்பட்ட தொண்டை அது. தண்ணீர் பாட்டிலை மட்டும் மாட்டு. சில மணி நேரம் தீனி வேண்டாம். பிறகு நன்றாக நனைந்த, குழைவான ஆகாரம் கொஞ்சமாக வை.

அடுத்த ஓரிரு நாள் காதைத் தீட்டிக்கொள். மூச்சில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா? ஓயாமல் தும்முகிறதா? சுருண்டே கிடக்கிறதா? எச்சில் நுரையீரலுக்குள் போயிருந்தால் நிமோனியா வரலாம். எலிக்கு நுரையீரல் எப்போதுமே பலவீனமான இடம். டாக்டரிடம் காட்டு.

கண்ணோரம், மூக்கோரம் சிவப்பாக ஒழுகினால் 'ரத்தம்' என்று அலறாதே. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பி விடும் போர்ஃபிரின் என்ற நிறமி அது. பயந்த எலிக்கும் வரும், நோயுற்ற எலிக்கும் வரும். நிற்கவில்லையென்றால் அதையும் காட்டு.

'போன எலியை என்னால் காப்பாற்ற முடியவில்லையே' என்கிறாயா? அதனால் இந்த எலிக்கும் பயந்து பயந்துதான் தீனி வைப்பாயா?

மூச்சுக்குழாயே அடைத்துவிட்டால் டாக்டர் கையிலேயே சில உயிர் போகும். அந்தப் பழியை இன்னும் எத்தனை நாள் சுமப்பாய்? சுமக்கிற பலத்தைத் தீனித் தட்டில் காட்டு!

பீநட் பட்டரை உருண்டையாகக் கொடுக்காதே. தண்ணீர் விட்டுக் கரைத்து, தட்டில் மெல்லிசாகத் தடவு, நக்கட்டும். ரொட்டியை நனைத்துக் கொடு. மசித்த உருளைக்கிழங்கைத் தளர்த்திக் கொடு. எலி ஏன் அவசரமாக விழுங்குகிறது? பக்கத்தில் இருப்பவன் பிடுங்கிவிடுவானோ என்ற பயம்! அதற்கும் பயம்தான்! இரண்டுக்கும் தனித்தனியாக வை. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது.

'எங்க ஊரில் எலி பார்க்கிற டாக்டர் இல்லையே.' இதுதானே உன் கடைசிச் சாக்கு?

தேடினாயா? நாய், பூனை பார்ப்பவர்கள் நிறைய. எலியைக் கையில் எடுப்பவர்கள் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? நாலு கிளினிக்குக்கு ஃபோன் போடு. 'எலி பார்ப்பீங்களா, ராத்திரியில் கூப்பிட்டால் எடுப்பீங்களா' என்று நேராகக் கேள். ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்தவர். கிடைத்த நம்பரை 'எலி டாக்டர்' என்றே பெயர் போட்டு, இன்றைக்குத் தீனி வைப்பதற்கு முன்னால் பதிந்து வை!